ஆயில் பெயிண்டிங் அக்கா

திருவொற்றியூர் தேரடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டி நான் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்குக் கல்யாணத்துக்காக வருகிறவர்களைவிடச் சாவுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். அதற்குக் காரணம் அக்கா. செத்துப்போனவர்களின் சின்னப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கி, கையால் வரைந்த ஆயில் பெயிண்டிங் மாதிரியே மாற்றிக் கொடுப்பாள். எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் மணலியிலிருந்தும் தேடிக்கொண்டு வருவார்கள். "ஆயில் பெயிண்டிங் பண்ற அக்கா கீறாங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஸ்டுடியோவின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. எங்கள் கைக்கு டிஜிட்டல் கேமரா வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் செத்துப்போனவர்களுக்கு நல்ல படம் ஏது? ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த குடும்பப் படம், ஹார்பர் பாஸில் இருக்கும் ஸ்டாம்பு அளவுப் படம், யாருடைய கல்யாணத்திலோ பந்தியில் குனிந்து சாப்பிடும்போது எடுத்தது, இப்படித்தான் வரும். நான் அதை டிஜிட்டல் கேமராவில் மறுபடி படம் எடுத்து அக்காவிடம் கொடுப்பேன். பெரிதாக்கினால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக உடையும். ஆயில் பெயிண்டிங் மாதிரி ஆக்கிவிட்டால் புள்ளி தெரியாது.

அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு வழி இருந்தது. ஒரு தடவை அழுத்தினாலே படம் பெயிண்டிங் ஆகிவிடும். ஆனால் மூக்கு, சுவர், பின்னாலிருக்கும் வாழைமரம் எல்லாமே ஒரே மாதிரித் தீற்றலாகிவிடும். அக்கா அதோடு விடமாட்டாள். மவுஸைப் பிடித்துக்கொண்டு, புருவத்தைப் புருவம் போகிற பக்கமும் தலைமுடியை முடி போகிற பக்கமும் மெல்ல மெல்ல இழுத்து விடுவாள். பின்னால் பச்சையும் பழுப்பும் கலந்த ஓர் இருட்டு. துணி மாதிரிச் சொரசொரப்பான தாளில் பிரிண்ட் போட்டுத் தங்க நிறச் சட்டத்துக்குள் வைத்தால், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அக்கா உட்காரும் இடம் உள்ளே, பிளைவுட் தடுப்புக்குப் பின்னால். நடுவில் ஒரு திரை தொங்கும். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர், நல்ல மனுஷன்தான். "வாற ஆளுக பயந்துரக் கூடாது பாத்துக்கம்மா" என்று சொல்லித்தான் அந்தத் திரையைப் போட்டார். அக்காவின் முகத்தில் இடது பாதி தீயில் வெந்தது. இடது கண் பாதி மூடியே இருக்கும். தாடையிலிருந்து கழுத்துவரை தோல் உருகி உறைந்திருக்கும். இடது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் எடுப்பான முகம், பெரிய கண். வேலைக்குச் சேர்ந்த அன்று திரையைப் பார்த்துவிட்டு, "நல்லதா போச்சு சார், வெளிச்சம் அடிக்காது" என்று சொன்னாளாம். முதலாளியே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் யாரும் திரைக்கு வெளியே நிற்க மாட்டார்கள். வந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் என்ன கேட்டாலும் அக்காவிடம் ஒரே பதில்தான்.

"செஞ்சிரலாம், குந்து."

நெட்டுக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவர் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது யாரோ எடுத்த படம் கையில் இருந்தது. மேலே சட்டை இல்லை.

"சட்ட போட்டு வுட முடியுமாம்மா?"

"செஞ்சிரலாம், குந்து. இன்னா கலரு?"

"மெரூன்."

"கோடு போட்டதா, பிளெய்னா?"

அந்த அம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, "பிளெய்னு. ரெண்டு பக்கமும் பாக்கெட்டு. தீவாளிக்கு எடுத்து வெச்சேன். போட்டுக்கினு பாக்கவே இல்ல அது" என்றார்.

அக்கா மெரூன் நிறத்தைத் தேடி எடுத்தாள். கழுத்துப்பட்டையை வரைந்தாள். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "தோளு அவ்ளோ அகலம் கெடையாதும்மா அதுக்கு", "காலர இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று தையல்காரரிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் மானிட்டரில் இருந்த சட்டையை விரலால் தொட்டார். கண்ணாடி லேசாக ஷாக் அடித்ததுபோலச் சுரீரென்றது. கையை இழுத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் அழ ஆரம்பித்தார்.

இப்படி ஒருவர் மூக்குத்தி கேட்பார். இன்னொருவர், சாகும்வரை பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பியைத் தோளோடு தோள் சேர்த்து உட்காரவைக்கச் சொல்வார். "எல்லாத்துக்கும் சரின்னா வேல எப்பம்மா முடியும்?" என்று முதலாளி முனகுவார். "முடிச்சிடறேன் சார்" என்பாள். முடித்தும் விடுவாள்.

ஹார்பரில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன் படத்தையே கொண்டுவந்தார். ராஜா நாற்காலியில் உட்கார்ந்து மீசையை முறுக்குவதுபோல வேண்டுமாம்.

"நைனா, இது செத்தவங்களுக்குப் பண்றது" என்றேன்.

"செத்தப்பறம் நான் வந்து பாப்பனா? இப்பவே பாத்துக்கறேன்."

அக்கா செய்து கொடுத்தாள். கேட்காமலே இடுப்பில் ஒரு வாளும் வைத்தாள். கொஞ்ச நாளில் அவர் அதை நியூஸ் பேப்பரில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். "வூட்டுக்காரி தொடப்பத்த எடுத்துட்டாம்மா. உயிரோட கீறவன இப்டி மாட்னா வெளங்குமான்றா" என்றார். ஸ்டுடியோ சுவரிலேயே மாட்டினோம். சாயங்காலம் டீ குடிக்க வரும்போதெல்லாம் நின்று தன்னைப் பார்த்துவிட்டுப் போவார். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு வாயின் வலது ஓரம் மட்டும் மேலே போகும்.

கேட்காமல் செய்து அவள் மாட்டிக்கொண்டது ஒரு முறை. கன்டெய்னர் லாரியில் அடிபட்டுச் செத்த ஓர் இளைஞனின் படம். புருவத்துக்கு மேல் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. அக்கா தழும்புகளை விடமாட்டாள். யாரும் சொல்லாமலே பக்கத்துத் தோலை எடுத்து மூடிவிடுவாள். அவனுடைய அம்மா வியாசர்பாடியிலிருந்து வந்து படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது எம் புள்ள இல்லம்மா."

அக்கா திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

"கொழாயாண்ட என் இடுப்புலேர்ந்து வுழுந்துட்டான். நான் தண்ணி சண்ட போட்டுக்கினு கவனிக்கல. அந்தத் தழும்பு. டெய்லி சோறு போடசொல்ல அதான் என் கண்ணுல படும். அது இல்லாம யாரோ மாரி கீறான்."

அக்கா தழும்பைத் திரும்பப் போட்டாள். போகும்போது அந்த அம்மா அக்காவின் கன்னத்தில், வெந்த பக்கத்தில் கையை வைத்து, "வரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம், "தழும்பு இருக்கட்டுமா, எடுத்துறட்டுமா?" என்று கேட்டுக்கொள்வாள்.

மதியச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். காலையில் எழுந்து அந்த வீட்டுக்கே சமைத்துவைத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் கேட்டேன்.

"யாரு இன்னா கேட்டாலும் சரின்றியே, பேஜாரா இல்லியாக்கா உனுக்கு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில ஒடம்பு பூரா வாழ எலய சுத்திக்கினு படுத்துகினு கீறேன். மாமியா வந்து காதாண்ட குனிஞ்சி சொல்லுது, ஸ்டவ்வு வெடிச்சிதுன்னு சொல்லும்மா, எம் புள்ள ஜெயிலுக்குப் பூட்டான்னா கொழந்தைக்கு யாரு கீறாங்கன்னு. எழுதிக்கறதுக்கு ஜட்ஜு வந்தாரு. அப்டியே சொன்னேன்."

"அப்ப ஸ்டவ்வு வெடிக்கலியா?"

"கொழம்பு ஊத்து" என்றாள்.

மீதியைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனபோது மூன்று வயது மகள் அவள் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதாள். கொழந்த பயப்படுது, கொஞ்ச நாளைக்கு உங்க அண்ணன் வீட்டில் இரு என்றார்கள். இருந்தாள். பிறகு புருஷன் வேறு கல்யாணம் செய்துகொள்ளக் கையெழுத்துக் கேட்டான். போட்டாள். தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய் வேலை கற்றுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

இதைக் கேட்டபிறகு எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. அவளிடம் ஏதாவது ஒன்றை யாராவது கேட்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட மாட்டாளா என்று மனதுக்குள் எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்றாள்.

"ஆயில் பெயிண்டிங் பண்றவங்கள பாக்கணும்."

"போட்டோ குடும்மா."

"போட்டோ இல்ல."

அக்காவுக்கு இருப்பதுபோலவே பெரிய கண்கள். அவற்றைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. திரையைக் காட்டினேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் திரைக்கு இந்தப் பக்கமே நின்றாள். பிறகு விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. வெகுநேரம் கழித்து அக்காவின் குரல் கேட்டது.

"சாப்ட்டியா?"

அன்றிலிருந்து மகள் அப்பாவுக்குத் தெரியாமல் வர ஆரம்பித்தாள். படிப்பு முடித்து வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தபிறகும் வந்துகொண்டிருந்தாள். வருகிற நாளில் அக்கா பூ வாங்கி ஈரத்துணியில் சுற்றிவைத்திருப்பாள். தடுப்புக்குப் பின்னாலிருந்து இருவரும் சிரிக்கிற சத்தம் வரும். அம்மா தலை வாரிவிடுவாள். சிக்கு எடுக்கும்போது மகள் கத்துவாள். ஒட்டிய விரல்களோடு அவ்வளவு நேர்த்தியாகப் பின்னுவதை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் அக்கா அழகாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மீஞ்சூர்ப் பக்கம் நல்ல குடும்பம். ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் விசும்பல் கேட்டது.

"நீ செத்துட்டன்னு சொல்லி வெச்சிட்டாங்கம்மா அவங்க வூட்ல. எனக்கு மூணு வயசு இருக்கசொல்ல காய்ச்சல்ல பூட்டன்னு."

அக்காவின் மவுஸ் சத்தம் நின்றது.

"அந்த அத்த, மாப்பிள்ளையோட அம்மா, வந்தாங்க. அம்மா படம் எங்க மாட்டிக்கீறீங்க, கும்புட்டுட்டு அப்பறம் தட்டு மாத்திக்கலாம்னு கேட்டாங்க. ஃபிரேம் போடக் குடுத்துக்கீறோம்னு அப்பா சொல்லிடுச்சு. இப்ப படம் வோணும். ஆயில் பெயிண்டிங் மாரி பெருசா. நான்..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. "வோணாம்மா. நான் உண்மைய சொல்லிடறேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"வாய மூடு" என்றாள் அக்கா. இரண்டு பேருடைய மூச்சும் வெளியே கேட்டது. "போட்டோ எடுத்தாந்துகீறியா?"

"அப்பா பீரோலேர்ந்து."

"செஞ்சிரலாம், குந்து."

நான் திரையை விலக்கி உள்ளே போய்விட்டேன். "அக்கா, இத மட்டும் செய்யாத" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கல்யாணப் போட்டோ ஒன்றைக் கையில் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையோடு நிற்கும் மணப்பெண். முகம் முழுசாக இருந்தது. ஆனால் தலை குனிந்து, இமைகள் தாழ்ந்திருந்தன.

"கண்ணு தெரியல நைனா. கேமரா எடுத்துக்கினு வா."

நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அக்கா விளக்குக்கு முன்னால் நின்று பார்த்ததில்லை. அன்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மொகம் பூரா வோணாம். இந்தக் கண்ணு மட்டும்" என்று வலது பக்கத்தைக் காட்டினாள். அதைத் திருப்பிப் போட்டால் இடது கண்ணும் ஆகிவிடும். மகளின் கண்ணும் இதே கண்தான், அதை எடுத்து வைத்துவிடலாமே என்றேன்.

"அவ கண்ணால அவளையே பாத்துக்கறதா? கல்யாணத்த நான் பாக்கணும். அங்க போவப்போறது இந்தக் கண்ணுதான" என்றாள்.

திரும்பப் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். எல்லோரையும் கேட்பதுபோல மகளையும் கேட்டாள்.

"இன்னா கலர் பொடவ போடட்டும்?"

"நீ அப்ப இன்னா கட்டியிருந்த?"

"அத வுடு. உங்கம்மா எத கட்டியிருந்தா நல்லாருக்கும், நீ சொல்லு."

மகள் வெகுநேரம் யோசித்து, "பச்ச" என்றாள்.

"நக?"

"வோணாம். தோடு மட்டும்."

"மூக்குத்தி?"

மகள் எழுந்து வெளியே ஓடிவிட்டாள். ரோட்டோரத்தில் நின்று அழுதாள். அக்கா அவள் பின்னால் போகவில்லை. மூக்குத்தி போட்டாள். புருவத்தைப் புருவம் போகிற பக்கம் இழுத்து விட்டாள். இருபத்திரண்டு வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று அன்றுதான் நான் பார்த்தேன். சட்டம் போட்டு வந்ததும் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் தானே பேப்பர் சுற்றினாள். முதலாளி அந்தப் படத்தைப் பார்த்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர்தான், கடை மூடும்வரை வரவில்லை.

கல்யாணத்துக்குப் படம் எடுக்க எங்கள் ஸ்டுடியோவைத்தான் கூப்பிட வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். நான் போனேன். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அக்காவின் படம் இருந்தது. ரோஜா மாலை, சுற்றிலும் சீரியல் பல்பு, கீழே ஊதுபத்தி. வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா கற்பூரம் ஏற்றினார். நல்ல பெண்மணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடமே சொன்னார்.

"இன்னா லட்சணமா கீறாங்க பாரு தம்பி. கண்ணு அப்டியே நம்மள பாக்குது. இவங்கள போயி காய்ச்சல்ல வாரிக்கினு பூட்டானே."

பெண்ணின் அப்பாவும் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். சரிந்திருந்த மாலையை நேராக்கினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எதற்காகக் கலங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் படம் எடுத்தேன், என் வேலை அது. மணப்பெண் வந்து விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பாவம், பாவம் என்று சொல்லி அவளைத் தூக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் ஸ்டுடியோவுக்குத் திரும்பினேன். அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தாள். தலைக்குக் குளித்துப் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். "கார்டு குடு" என்றாள். ஒவ்வொரு படமாக, நாதஸ்வரக்காரர் படத்தைக்கூட விடாமல் பார்த்தாள். மகள் விழுந்து கும்பிடுகிற படம் வந்ததும் பெரிதாக்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பூவ ஒழுங்கா குத்தல பாரு, பின்னாடி தொங்குது" என்றாள். "யாரு பின்னி வுட்டாங்களோ."

ஆல்பத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒன்று கேட்டார்கள். முதல் பக்கத்தில் பெண்ணின் அம்மா மேகத்திலிருந்து இருவரையும் ஆசீர்வாதம் செய்கிற மாதிரி வேண்டுமாம். அதையும் அக்கா செய்துகொடுத்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மகளால் வர முடியவில்லை. எங்கே போனாலும் புருஷன் கூட வருவார், அன்பான ஆள். கடை லேண்ட்லைனுக்கு போன் வரும். முதலில் அடிக்கடி வந்தது. பிறகு குறைந்தது. மாசமாக இருப்பதாக ஒருநாள் போன் வந்தது. குழந்தை பிறந்ததும் இன்னொரு போன். பெண் குழந்தை. செத்துப்போன சம்பந்தியம்மாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்று வைத்துவிட்டாராம். அக்கா ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய பேராச்சேம்மா. வேற நல்ல பேரா வெக்கக் கூடாதா?" என்றாள்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அவர்கள் எல்லோருமே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, மாமியார், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள். கல்யாண ஆல்பம் நன்றாக இருந்ததாம். அதனால் பேத்தியின் படத்தையும் இங்கேதான் எடுக்க வேண்டும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரை மூடியிருந்தது.

நான் குழந்தையை வாங்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். கேமராவைப் பார்க்க மறுத்தது. கிலுகிலுப்பை ஆட்டினேன், பார்க்கவில்லை. அப்போது மாமியார் கையைத் தட்டிக் குழந்தையின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கூப்பிட்டதும் பழக்கத்தில் வந்துவிட்ட பதில். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு உள்ள?" என்றார் மாமியார்.

"எங்க ஆபரேட்டரு. அவங்களுக்கும் அதே பேரு" என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அப்டியா? பேரு ஒத்தவங்க தூக்குனா கொழந்தைக்கு நல்லதாச்சே. வாம்மா, வெளிய வா. வந்து ஒரு வாட்டி தூக்கி ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போ."

திரைக்குக் கீழே அக்காவின் பாதங்கள் தெரிந்தன. திரையை ஒட்டியே வந்து நின்றிருந்தாள். துணி லேசாக அசைந்தது. மகளும் அந்தப் பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா, வோணாம்" என்றது குரல். "எனக்கு சளி புடிச்சிக்கினு கீது. கொழந்தைக்கு ஒட்டிக்கும்."

"அட, பரவால்ல வாம்மா."

"வோணாம்மா. நல்லாருக்கட்டும்."

மாமியார் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. குரல் வந்த திசையிலேயே குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. நான் அப்படியே படம் எடுத்தேன். அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் ஒரு தடவை திரும்பினாள். புருஷன் குடையை விரித்துக்கொண்டு கூப்பிட்டார். போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தை உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ தூக்குன இல்ல?" என்றாள்.

"ஆமாக்கா."

"எப்டி கீது, கனமா கீதா?"

"நல்ல கனம்க்கா" என்றேன்.

"இருக்கும்" என்றாள். "அவ அம்மாவும் அப்டித்தான் இருப்பா. தூக்கிக்கினு கொஞ்ச தூரம் நடந்தாலே இடுப்பு வுட்டுப் பூடும். எறக்கி வுட்டா அழுவா."

சொல்லிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் யாரோ ஒரு பெரியவரின் முகம் பாதி முடிந்த நிலையில் காத்திருந்தது.